ஊசி போட்டதும் உயிரே போன மாதிரி இருந்ததா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 45. பட்டாசு ஆலையில் வேலை பார்க்கிறார். திடீரென நெஞ்சு படபடத்து, நாடித்துடிப்பு 190-ஐத் தொட்டுவிட்டது. மருத்துவமனையில் ஓர் ஊசி போட்டதும், ‘உயிரே போயிருச்சு’ என்று அலறிவிட்டார். ஒரு நிமிடத்தில் சரியாகிவிட்டது. ஆனால், மறுபடி படபடப்பு வந்தாலும் அந்த ஊசி வேண்டவே வேண்டாம் என்கிறார். அது ஆபத்தான ஊசியா, டாக்டர்?
- ஒரு வாசகி, சிவகாசி

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது ‘அடினோசின்’ ஊசியாக இருக்கலாம். டிஸ்சார்ஜ் சம்மரியில் பெயரைப் பாருங்கள்.

இதயத்துக்குள் மின்னோட்டம் தடம் மாறிச் சுற்றிச் சுற்றி ஓடினால் எஸ்.வி.டி. என்ற படபடப்பு வரும். அடினோசின் அந்தச் சுற்றை வெட்டிவிடும். அப்போது சில விநாடிகள் இதயம் நின்று துடிப்பதும் உண்டு. நெஞ்சு இறுக்கம், மூச்சு முட்டல், மரண பயம் எல்லாம் அப்போது வருபவைதான். 10 விநாடிக்குள் ரத்தத்தில் மருந்து பாதியாகக் குறைந்துவிடும். ஆகவே பயம் வேண்டாம்.

ஆனால், இது எங்கு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளும் ஊசி அல்ல. முதலில் 6 மி.கி. மருந்தைக் கையின் பெரிய ரத்தக் குழாயில் வேகமாகச் செலுத்தி, உடனே சலைனும் செலுத்துவார்கள். அடங்காவிட்டால் 12 மி.கி. இ.சி.ஜி. ஓடிக்கொண்டிருக்க வேண்டும், இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் கருவியும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஊசிக்கு முன்பே டாக்டரிடம் சொல்ல வேண்டியவை:

* ஆஸ்துமா, வீசிங் உண்டா? இந்த ஊசி மூச்சுக் குழாயைச் சுருக்கிவிடலாம். தூசியில் வேலை செய்பவர்கள் இளைப்பை மறைக்கவே கூடாது. அவர்களுக்கு வேறு மருந்து இருக்கிறது.
* இளைப்புக்குத் தியோபிலின் மாத்திரை சாப்பிடுகிறாரா? சற்று முன் டீ, காபி குடித்தாரா? இவை ஊசியின் வேலையைக் குறைக்கும்.
* வலிப்புக்குக் கார்பமாசெபின் சாப்பிடுகிறாரா? ஊசியின் வேகம் கூடிவிடலாம்.

படபடப்பின்போது எடுத்த இ.சி.ஜி.யைப் பத்திரப்படுத்துங்கள், செல்போனிலும் படம் எடுத்து வையுங்கள். எல்லாப் படபடப்புக்கும் இந்த ஊசி பொருந்தாது. எந்த வகை என்று அந்தத் தாள்தான் சொல்லும்.

வேலை நேரத்தில் படபடப்பு வந்தால், மருந்து கலக்கும் அறையில் ஒரு நிமிடம்கூட இருக்கக் கூடாது. வெளியே வந்து உட்கார வேண்டும். சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டும். மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இருந்தால் 108-ஐ அழையுங்கள்.

அடிக்கடி வந்தால், கதீட்டர் அப்லேஷன் சிகிச்சையில் நிரந்தரத் தீர்வு கிடைக்க வாய்ப்பு அதிகம். 2022 முதல் விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அந்த இ.சி.ஜி.யோடு அம்மாவை அங்கு அழைத்துச் சென்று, இதயநோய் நிபுணரை எங்கே பார்க்கலாம் என்று கேளுங்கள்.