கீசர் குமிழும் அக்காவின் காலும்



மார்கழி பிறந்துவிட்டது. எல்லார் வீட்டிலும் விடியற்காலையில் கீசர் ஓடத் தொடங்கியிருக்கும். அதனால் இதை இப்போதே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் பொறுத்துக்கொண்டது போல இப்போதும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் இதே மாதம் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். வயது 78, இருபது வருடமாகச் சர்க்கரை. காலையில் பாதம் கழுவச் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்தவர், சூடு தெரியாமலே நின்றிருக்கிறார். சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்துபோயிருந்தது. கொப்புளம் வந்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. புண் ஆற இரண்டு மாதம் ஆயிற்று. முந்தின இரவு, "வீட்டில் ஆள் அதிகம், சீக்கிரம் சூடாகட்டும்" என்று கீசர் குமிழைக் கடைசி வரை திருகி வைத்தவன் நான்தான்.

முப்பது வருடம் உங்களுக்கு வெப்பவியல் நடத்தியவன் செய்த காரியம் இது.

குமிழைக் கூட்டினால் தண்ணீர் சீக்கிரம் சூடாகாது. கீசர் கேஸ் அடுப்பு அல்ல. உள்ளே இருக்கும் 2000 வாட் காயில் எப்போதும் ஒரே வேகத்தில்தான் வேலை செய்யும். எந்த வெப்பநிலையில் அது நிற்க வேண்டும் என்பதை மட்டுமே குமிழ் சொல்கிறது. பல கீசர்களில் அந்த வேலையைச் செய்வது ஒரு பித்தளைக் குழாயும் அதற்குள் இருக்கும் இன்வார் கம்பியும். சூட்டில் பித்தளை நீளும், இன்வார் அநேகமாக நீளாது. அந்த வித்தியாசம்தான் சுவிட்சைத் துண்டிக்கிறது. இரண்டு உலோகம் ஒட்டிய பட்டை வளைவதைப் பரிசோதனைக் கூடத்தில் பார்த்தீர்களே, அதன் சொந்தக்காரர்தான் இது. இன்வாரைக் கண்டறிந்த கியோம் என்பவருக்கு 1920இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 15 லிட்டர் தண்ணீர், தொடக்கத்தில் 27 டிகிரி. தன் வெப்ப ஏற்புத்திறன் 4.2. குளிக்கப் போதுமான 45 டிகிரிக்கு வர ஏறக்குறைய ஒன்பதரை நிமிடம். குமிழ் நடுவில் இருந்தாலும் கடைசியில் இருந்தாலும் அதே ஒன்பதரை நிமிடம்தான். 60 டிகிரிக்கு 17 நிமிடம், 75க்கு 25 நிமிடம். கூடுதலாகச் செலவாகும் அந்த எட்டு நிமிட மின்சாரம் உங்கள் பில்லில்.

"சார், 75இல் வைத்தால் பச்சைத்தண்ணீர் கலந்து இன்னும் ஒருவர் குளிக்கலாமே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 42 டிகிரிக்குக் கலந்தால் 60இல் 33 லிட்டர் கிடைக்கும், 75இல் 48 லிட்டர். உண்மைதான். ஆனால் 60 டிகிரித் தண்ணீரே ஐந்து விநாடியில் ஆழமாகச் சுட்டுவிடும். 70இல் ஒரு விநாடி போதும். வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தோல் மெலிது, கையைக் காலை இழுத்துக்கொள்ளும் வேகமும் குறைவு. ஒரு வாளித் தண்ணீருக்காக இந்த ஆபத்து வேண்டாம். அடுத்தவர் கால் மணி நேரம் காத்திருக்கட்டும்.

அதற்காக 40இல் வைத்துவிடாதீர்கள். வெதுவெதுப்பாகவே கிடக்கும் தண்ணீரில் நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா பெருகும். 60இல் அது சாகும். ஆகவே தொட்டியில் 60 இருக்கட்டும். அதற்கு மேல் போனால் போர் தண்ணீரில் காயில் மீது உப்பும் வேகமாகப் படியும்.

குமிழில் எண் இல்லாவிட்டால் நடுவில் வைத்து, கீசர் தானாக நின்றதும் ஒரு குவளையில் பிடித்துச் சமையல் தெர்மாமீட்டரால் பாருங்கள். காய்ச்சல் பார்ப்பது வேண்டாம், அது 42ஐத் தாண்டாது. வாளியில் முதலில் பச்சைத்தண்ணீர், பிறகு சுடுதண்ணீர். கலந்தபின் முழங்கையை விட்டுப் பார்த்த பிறகே பெரியவர்களைக் குளிக்கச் சொல்லுங்கள். 3 லிட்டர் உடனடி ஹீட்டர் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள்: குழாயைக் கொஞ்சமாகத் திறந்தால் சூடு ஏறும், நன்றாகத் திறந்தால் இறங்கும்.

கடைசியாக ஒன்று. கீசர் அடிக்கடி கட் ஆகிறது என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால், சிலர் தெர்மோஸ்டாட்டையும் கட் அவுட்டையும் விட்டுவிட்டு "டைரக்ட்" கொடுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். நிறுத்த ஆள் இல்லாமல் தண்ணீர் கொதித்தால், அழுத்தம் ஏறித் தொட்டியே வெடிக்கலாம். பழுதான பாகத்தை மாற்றச் சொல்லுங்கள். அந்தச் செலவைப் பார்த்துத் தயங்க வேண்டாம்.

அக்கா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "உனக்கென்னடா தெரியும், நான்தான் பார்த்துத் திறந்திருக்கணும்" என்றார். எனக்குத் தெரியும் என்பதுதான் என் வருத்தம். தெரிந்ததை வகுப்பறையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

லைக் போடுவது அப்புறம் இருக்கட்டும். முதலில் எழுந்து போய் உங்கள் வீட்டுக் குமிழ் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அம்மா அப்பா ஊரில் தனியாக இருந்தால் இன்றே போன் போட்டுக் கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்