லட்டைட்டுகள் மூடர்கள் அல்லர்

புதிய தொழில்நுட்பத்தைப் பற்றி யாராவது கேள்வி எழுப்பினால் போதும், 'லட்டைட்' என்று முத்திரை குத்தி வாயை அடைத்துவிடுகிறார்கள். தொழிற்புரட்சிக் கால இங்கிலாந்தில் எந்திரங்களைக் கண்டு மிரண்டு, அவற்றைச் சம்மட்டியால் நொறுக்கிய அறிவிலிகள் என்பதே லட்டைட்டுகளைப் பற்றி வேரூன்றிவிட்ட நம்பிக்கை. அது பொய்.

1811இல் நாட்டிங்காம்ஷயரில் உடைபட்டவை புது எந்திரங்களே அல்ல. காலுறை பின்னும் அந்தப் பொறியை வில்லியம் லீ உருவாக்கியது 1589இல். தலைமுறை தலைமுறையாக அதை இயக்கிச் சோறு தின்றவர்கள் அதைக் கண்டு மிரள என்ன இருக்கிறது? அவர்களுடைய கோபம் வேறு. பொறி பெரும்பாலும் பிறருக்குச் சொந்தம். வேலை குறைந்தாலும் அதன் வாடகை குறையாது. முதலாளிகள் சிலர் அகலத் துணியாகப் பின்னி, வெட்டித் தைத்து, சீக்கிரமே பிரிந்துபோகும் மட்டக் காலுறைகளைச் சந்தையில் தள்ளினார்கள். தொழில் பழகாதவர்களை அமர்த்திக் கூலியை இறக்கினார்கள். நெப்போலியனுடனான போரால் ஏற்றுமதி முடங்கி, கோதுமை விலை ஏறிய நேரம் அது. உடைபட்டவை பெரும்பாலும் இத்தகைய முதலாளிகளின் பொறிகள். வழக்கமான கூலி கொடுத்தவர்களின் பொறிகள் பல இடங்களில் தப்பின. மிரண்டவன் பார்த்துப் பார்த்து உடைப்பதில்லை.

சட்டத்தின் கதவையும் தொழிலாளர்கள் தட்டிப் பார்த்தார்கள். 1799, 1800ஆம் ஆண்டுச் சட்டங்கள் சங்கம் சேர்வதையே குற்றமாக்கியிருந்தன. பருத்தி நெசவாளர்கள் கேட்ட குறைந்தபட்சக் கூலியை 1808இல் நாடாளுமன்றம் மறுத்தது. காலுறைத் தொழிலை ஒழுங்குபடுத்தும் மசோதாவை 1812இல் பிரபுக்கள் சபை தோற்கடித்தது.

யார்க்‌ஷயரில் கம்பளித் துணியைக் கத்தரித்துச் சீராக்கியவர்கள் எந்திரத்தையே எதிர்த்தார்கள் என்பது உண்மை. ஆனால் அவர்களுக்கு அரணாக இருந்த பழைய சட்டங்களை 1809இல் நீக்கியது நாடாளுமன்றமே. எந்திரத்தைப் படிப்படியாகக் கொண்டுவரலாம், எந்திரத் துணிக்கு வரி விதித்து வேலை இழந்தவர்களுக்கு உதவலாம் என்ற யோசனைகள் அப்போதே பேசப்பட்டன. அவற்றை யாரும் ஏற்கவில்லை.

அரசின் பதில் படையும் தூக்குக் கயிறும்தான். பொறியை உடைத்தால் மரண தண்டனை என்று 1812இல் சட்டம் வந்தது. கவிஞர் பைரன் பிரபுக்கள் சபையில் தமது முதல் உரையிலேயே அதை எதிர்த்தார். ஆலை முதலாளி வில்லியம் ஹார்ஸ்ஃபாலை லட்டைட்டுகள் சுட்டுக் கொன்றது கொடுங்குற்றம், மறுக்கவில்லை. ஆனால் 1813 ஜனவரியில் யார்க் நகரில் தூக்கிலிடப்பட்ட 17 பேரில் அந்தக் கொலைக்காகத் தண்டிக்கப்பட்டவர்கள் மூவர் மட்டுமே.

"கடைசியில் எல்லோரும் வளம் பெற்றார்களே" என்பார்கள். அந்த வளத்தில் தொழிலாளிக்கு உரிய பங்கை எந்திரம் தானாகக் கொடுக்கவில்லை. ஒன்பது வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பெரும்பாலான நெசவாலைகளிலிருந்து விலக்கியது 1833ஆம் ஆண்டுச் சட்டம். அங்கே பெண்களுக்கும் இளையோருக்கும் அன்றாட வேலை பத்து மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றது 1847ஆம் ஆண்டுச் சட்டம். இவை முதலாளிகளின் எதிர்ப்பை மீறி, போராடிப் பெற்றவை.

லட்டைட்டுகள் கேட்டது ஒன்றே: எந்திரத்தின் லாபம் ஒருவனுக்கும் நட்டம் இன்னொருவனுக்கும் என்று தீர்மானிப்பது யார்? அதைக் கேட்க அறிவும் வேண்டும், துணிவும் வேண்டும். இரண்டும் அவர்களிடம் இருந்தன. அவர்கள் பெயரை வசைச்சொல்லாக வீசுபவர்கள் முதலில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லட்டும்.