ஆவடிக்கு மந்திரி கிடைத்தால் ஆவடிக்கு என்ன கிடைக்கும்?

ஓட்டு எண்ணி முடிந்த மறுநாள், ஆவடி மார்க்கெட்டிலும், அம்பத்தூர் டீக்கடைகளிலும், பூந்தமல்லி பஸ் நிலையத்திலும் ஒரே பேச்சுதான். "நம்ம எம்.எல்.ஏ.வுக்கு மந்திரி பதவி உண்டா?"

உண்டு என்றால் பட்டாசு. இல்லை என்றால் ஏமாற்றம். "போன தடவை மந்திரி இருந்தார். இந்தத் தடவை இல்லை. இனி நம்ம ஊரை யார் கவனிப்பார்கள்?" என்று பெருமூச்சு விடுகிறவர்களும் உண்டு.

மந்திரி ஒருவர் கிடைத்தால் ஊருக்கு என்னதான் கிடைக்கிறது? இதைத் தெரிந்துகொள்ள ஆவடியைவிட நல்ல ஊர் அகப்படாது.

தொகுதிகளைத் திருத்தி அமைத்த பிறகு, ஆவடி என்ற பெயரில் ஒரு சட்டசபைத் தொகுதி 2011-ல் முதல் தேர்தலைச் சந்தித்தது. அதில் ஜெயித்த அப்துல் ரகீம் பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் நல மந்திரி ஆனார். 2016-ல் ஜெயித்த மாஃபா பாண்டியராஜன் முதலில் பள்ளிக்கல்வி மந்திரி. இடையில் சில மாதம் பதவி இல்லை. 2017 ஆகஸ்டு மாதம் தமிழ் வளர்ச்சி, பண்பாட்டுத் துறை மந்திரியாகத் திரும்பி வந்தார். 2021-ல் ஜெயித்த சா.மு.நாசர் பால்வள மந்திரி. 2023 மே மாதம் பதவி போயிற்று. 2024 செப்டம்பரில் சிறுபான்மையினர் நல மந்திரியாக மறுபடியும் வந்தார்.

ஆட்சி மாறியது. கட்சி மாறியது. ஆனாலும் மூன்று தேர்தலிலும் ஆவடி எம்.எல்.ஏ. மந்திரி ஆனார். பக்கத்து அம்பத்தூருக்கு அந்த மூன்று தேர்தலிலும் அந்த யோகம் இல்லை.

மந்திரி ஆக்குவது யார்?

மந்திரியை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை. மக்கள் ஓட்டுப் போடுவது எம்.எல்.ஏ.வுக்கு மட்டுமே.

தமிழ்நாடு சட்டசபையில் 234 இடங்கள். அதில் 118 பேரின் ஆதரவு யாருக்கு இருக்கிறதோ, அவரை ஆட்சி அமைக்கும்படி கவர்னர் அழைக்கிறார். அவர்தான் முதல்-மந்திரி. மற்ற மந்திரிகள் யார் யார் என்று முதல்-மந்திரி பட்டியல் கொடுக்கிறார். கவர்னர் நியமிக்கிறார். யாருக்கு எந்த இலாகா என்பதும் முதல்-மந்திரி சொல்கிறபடிதான். அரசியல் சட்டத்தின் 164-வது பிரிவில் இந்த நியமன முறை இருக்கிறது.

பதவி ஏற்கும்போது மந்திரி இரண்டு பிரமாணம் செய்கிறார். ஒன்று, பயமோ பட்சபாதமோ இல்லாமல் எல்லா மக்களுக்கும் நியாயமாக நடப்பேன் என்பது. இன்னொன்று, மந்திரி என்ற முறையில் தெரியவரும் ரகசியத்தை வெளியிடமாட்டேன் என்பது. "என் தொகுதிக்கு இதைச் செய்வேன், அதைச் செய்வேன்" என்ற பேச்சு அந்தப் பிரமாணத்தில் கிடையாது. அதெல்லாம் பிரசார மேடையோடு சரி!

எம்.எல்.ஏ. அல்லாதவரும் மந்திரி ஆகலாம். ஆனால் 6 மாதத்துக்குள் சட்டசபைக்கு வந்தாகவேண்டும். 1954 ஏப்ரல் 13-ந் தேதி காமராஜர் முதல்-மந்திரி ஆனபோது அவர் எம்.எல்.ஏ. அல்ல. பிறகு குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று ஜெயித்தார். 1967-ல் அண்ணாவும் எம்.எல்.ஏ. அல்ல. அப்போது இருந்த மேல்சபையின் வழியாக வந்தார். ஆனால், தேர்தலில் நிற்கவே தகுதி இழந்தவருக்கு இந்த 6 மாத அவகாசம் கிடையாது என்று 2001 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. அதனால் ஜெயலலிதா முதல்-மந்திரி பதவியை இழந்தார். ஓ.பன்னீர்செல்வம் அந்தப் பதவிக்கு வந்தார்.

நாற்காலி 35-தான்

காமராஜரின் முதல் மந்திரிசபையில் அவரையும் சேர்த்து 8 பேர். தலைவர் தேர்தலில் தம்மை எதிர்த்து நின்ற சி.சுப்பிரமணியத்தையும் அந்த எட்டுப் பேரில் ஒருவராகச் சேர்த்துக்கொண்டார். 1967-ல் அண்ணாவின் மந்திரிசபையில் அவரையும் சேர்த்து 9 பேர்.

பிற்காலத்தில் பல மாநிலங்களில் மந்திரிசபை ஊதிப் பெருத்தது. 1997-ல் உத்தரப்பிரதேசத்தில் கல்யாண்சிங் மந்திரிசபையில் 93 பேர் இருந்தார்கள்! ஆளுக்கொரு இலாகா கொடுப்பதற்கு இலாகாவுக்கு எங்கே போவது?

இதற்குக் கடிவாளம் போட 2003-ல் அரசியல் சட்டத்தைத் திருத்தினார்கள். சட்டசபையின் மொத்த இடங்களில் நூற்றுக்கு 15 பேருக்கு மேல் மந்திரிசபையில் இருக்கக்கூடாது. தமிழ்நாட்டுக்குக் கணக்குப் போட்டால், முதல்-மந்திரியையும் சேர்த்து 35 பேர்.

ஆவடியில் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்த 35 என்ற எண் உதவும். 2021 மே 7-ந் தேதி மு.க.ஸ்டாலின் தலைமையில் பதவி ஏற்றவர்கள் 34 பேர். 2022 டிசம்பரில் உதயநிதி ஸ்டாலின் சேர்ந்தார். 35 நாற்காலியும் நிரம்பிவிட்டது. 2023 மே மாதம் மன்னார்குடி எம்.எல்.ஏ. டி.ஆர்.பி.ராஜாவைச் சேர்க்கவேண்டி வந்தது. ஒருவர் உள்ளே வரவேண்டுமானால் ஒருவர் வெளியே போகவேண்டும். அப்படி வெளியே போனவர் ஆவடி எம்.எல்.ஏ.

ஏன் நீக்கினோம் என்று காரணம் சொல்லும்படி சட்டம் கேட்பதில்லை. ஆவடி ஜனங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்பதும் இல்லை. கொடுத்தவர் முதல்-மந்திரி, எடுத்துக்கொண்டவரும் அவரே. ஆனால் எம்.எல்.ஏ. பதவியை முதல்-மந்திரி தொட முடியாது. அது ஆவடி ஜனங்கள் கொடுத்தது. அது அப்படியே இருந்தது.

பால் பாக்கெட் சொல்லும் கதை

2021 மே 7-ந் தேதி பதவி ஏற்ற உடனே ஸ்டாலின் கோட்டைக்குப் போய் 5 உத்தரவுகளில் கையெழுத்துப் போட்டார். சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்கு இலவசப் பயணம் அதில் ஒன்று. ஆவின் பால் விலையில் லிட்டருக்கு 3 ரூபாய் குறைப்பு இன்னொன்று. மே 16-ந் தேதி முதல் விலை குறைந்தது.

முதல்-மந்திரி கையெழுத்துப் போட்டால் அம்பத்தூரில் பால் விலை எப்படிக் குறைகிறது? நடுவே ஒரு பெரிய பாதை இருக்கிறது. ஒவ்வொரு இலாகாவுக்கும் ஒரு மந்திரி. அவருக்குக் கீழே இலாகாவின் செயலாளர், இவர் அதிகாரி. கோப்பு கீழே இருந்து மேலே போகிறது. செயலாளர் குறிப்பு எழுதுகிறார். மந்திரி முடிவு எழுதுகிறார். பணம் செலவாகும் விஷயம் என்றால் நிதி இலாகாவின் சம்மதம் வேண்டும். பெரிய விஷயம் என்றால் முதல்-மந்திரி தலைமையில் மந்திரிசபை கூடிப் பேசுகிறது. முடிவு ஆன பிறகு உத்தரவு கவர்னர் பெயரில் வெளிவருகிறது. அரசாணையின் முடிவில் "ஆளுநரின் ஆணைப்படி" என்று இருக்கும். கீழே செயலாளர் கையெழுத்து. மந்திரியின் கையெழுத்தை அதில் தேடினால் கிடைக்காது!

குறைந்த விலை குறைந்தபடியே இருந்ததா? 2022 நவம்பரில், பால் கொடுக்கும் விவசாயிகளுக்கு ஆவின் லிட்டருக்கு 3 ரூபாய் கூட்டிக் கொடுத்தது. அதே சமயத்தில் அட்டை இல்லாமல் வாங்குவோருக்கு ஆரஞ்சு பாக்கெட் பால் விலை 48 ரூபாயில் இருந்து 60 ரூபாய் ஆயிற்று. அப்போது பால்வள மந்திரியாக இருந்தவர் ஆவடி எம்.எல்.ஏ.தான். ஆவின் பால் பண்ணை இருப்பதோ பக்கத்து அம்பத்தூரில். அதற்காக ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் தனி விலை வந்ததா? வரவில்லை. வந்திருந்தால் அது அநியாயம். திருநெல்வேலிக்கும் ஈரோட்டுக்கும் அவர்தானே பால்வள மந்திரி!

ஒரு மந்திரி எடுத்த முடிவுக்கு மந்திரிசபை முழுவதும் பொறுப்பு. உள்ளே எப்படி வேண்டுமானாலும் வாதாடலாம். வெளியே வந்தால் எல்லோருக்கும் ஒரே பேச்சு. சட்டசபையில் நம்பிக்கை இல்லாத் தீர்மானம் நிறைவேறினால், ஒருவர் மட்டும் போவதில்லை. அத்தனை பேரும் மூட்டை கட்டவேண்டும்.

எது எந்த வழியாக வந்தது?

2019-ல் ஆவடி மாநகராட்சி ஆனது. அப்போது ஆவடி எம்.எல்.ஏ. மந்திரிதான். ஆனால் அவர் கையில் இருந்தது தமிழ் வளர்ச்சி இலாகா. மாநகராட்சி விஷயம் உள்ளாட்சி இலாகாவைச் சேர்ந்தது. அதற்கு வேறு மந்திரி.

ஆவடிக்குத் தனி போலீஸ் கமிஷனர் அலுவலகம் வரும் என்று சட்டசபையில் 2021 செப்டம்பரில் அறிவித்தார்கள். 2022 புத்தாண்டு அன்று அது வந்தது. அம்பத்தூர், பூந்தமல்லி போலீஸ் நிலையங்களும் அதன்கீழ் வந்தன. போலீஸ் இலாகா முதல்-மந்திரியிடம் இருந்தது. ஆவடி மந்திரியிடம் இருந்தது பால்.

ஆவடி டாங்கித் தொழிற்சாலை டெல்லியில் உள்ள பாதுகாப்பு இலாகாவைச் சேர்ந்தது. அங்கே வேலை கேட்டுக் கோட்டைக்கு மனுப் போட்டுப் பயன் இல்லை. ரெயில் விஷயமும் அப்படியே. பூந்தமல்லி மெட்ரோ ரெயிலுக்கு இரண்டு மந்திரிசபையும் வேண்டியிருந்தது. மாநில மந்திரிசபை முன்னால் நின்று வேலையைத் தொடங்கியது. மத்திய மந்திரிசபையின் ஒப்புதல் 2024 அக்டோபரில்தான் வந்தது.

இதை எல்லாம் பார்த்தால், "மந்திரி இருந்தால் ஊருக்கு எல்லாம் வரும்" என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் குறைவு.

ஊர் இழப்பது என்ன?

மந்திரி ஊரில் இருந்தால் அதிகாரிகள் சுறுசுறுப்பாக இருப்பார்கள், கலெக்டர் அடிக்கடி வருவார் என்று சொல்வார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் ஊர் ஒன்றை இழக்கிறது. அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

சட்டசபை கூடும் நாளில் முதல் வேலை கேள்வி நேரம். எம்.எல்.ஏ. எழுந்து கேட்கிறார்: "என் தொகுதியில் இந்தப் பாலம் ஏன் முடியவில்லை?" சம்பந்தப்பட்ட மந்திரி எழுந்து நின்று பதில் சொல்லவேண்டும். சொன்னது அப்படியே பதிவாகிறது.

எம்.எல்.ஏ. மந்திரி ஆகிவிட்டால், அவர் பதில் சொல்லும் பக்கம் போய்விடுகிறார். சக மந்திரியைப் பார்த்து, "ஏன் செய்யவில்லை?" என்று சபையில் கேட்கமாட்டார். கூட்டுப் பொறுப்பு அவர் வாயைக் கட்டுகிறது. ஆவடிக்காக அந்த இடத்தில் எழுந்து நிற்க வேறு ஆள் இல்லை. மந்திரி இல்லாத அம்பத்தூருக்கோ கேட்கும் ஆள் இருக்கிறார். கேட்கிறாரா, இல்லையா என்று கவனிக்கவேண்டியது அம்பத்தூர்க்காரர்களின் வேலை.

இந்த வட்டாரம் மந்திரியை மட்டும் அல்ல, முதல்-மந்திரியையே தந்திருக்கிறது. எம்.பக்தவத்சலம் 1897-ல் பிறந்தது பூந்தமல்லியை அடுத்த நசரத்பேட்டையில். காமராஜர் மந்திரிசபையில் மந்திரி. 1963 அக்டோபர் 2-ந் தேதி முதல் முதல்-மந்திரி. 1967 தேர்தலில், பக்கத்தில் உள்ள ஸ்ரீபெரும்புதூரில் அவர் தோற்றார். அவருடைய பெரிய பதவியைப் பார்த்து வாக்காளர்கள் தயங்கவில்லை. அரிசித் தட்டுப்பாட்டையும், இந்தி எதிர்ப்பின்போது நடந்த துப்பாக்கிச் சூட்டையும் மனத்தில் வைத்து ஓட்டுப் போட்டார்கள்.

பட்ஜெட் படித்த பிறகு ஒவ்வொரு இலாகாவாக மானியக் கோரிக்கை சட்டசபைக்கு வரும். அந்த இலாகாவுக்கு அந்த வருஷம் பணம் ஒதுக்கும் நாள் அது. எந்த இலாகா எந்தத் தேதி என்று முன்கூட்டியே பத்திரிகைகளில் வந்துவிடும். தெருச் சாக்கடை, பள்ளிக்கூடக் கட்டிடம், ஆஸ்பத்திரிக்கு டாக்டர் என்று எதைக் கேட்பதானாலும், அந்தத் தேதிக்கு முன்பே எம்.எல்.ஏ.விடம் மனுவைக் கொடுத்துவிடுவது நல்லது. மந்திரியாக இருக்கும் எம்.எல்.ஏ. என்றால், மனுவின் ஒரு நகலைச் சம்பந்தப்பட்ட இலாகாவின் செயலாளருக்கும் அனுப்பலாம். விலாசம்: தலைமைச் செயலகம், புனித ஜார்ஜ் கோட்டை, சென்னை–9.