ஸ்பார்க் பிளக் வாங்கப் போகிறீர்களா? விலையை அப்புறம் பாருங்கள்... நம்பரை முதலில் பாருங்கள்!

உதிரிபாகக் கடைக்குப் போய், "காருக்கு ஒரு செட் ஸ்பார்க் பிளக் கொடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். "சாதாவா, பிளாட்டினமா, இரிடியமா?" என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வியாக இருக்கும். நகைக்கடையில் கேட்பது மாதிரியான கேள்வி இது. காசு இருப்பவர் இரிடியம் என்பார். பட்ஜெட் பார்ப்பவர் சாதா போதும் என்பார். இரண்டு பேரும் கடைசியாக முடிவு செய்ய வேண்டியதை முதலில் முடிவு செய்துவிடுகிறார்கள்.

பிளக் எந்த உலோகத்தில் இருக்கிறது என்பதைவிட, அது அந்த இன்ஜினுக்குப் பொருந்துகிறதா என்பதுதான் முக்கியம். பொருந்தாத இரிடியம் பிளக், பொருந்துகிற சாதா பிளக்கைவிட மோசமானது. சில நேரங்களில் பிஸ்டனையே ஓட்டையாக்கிவிடும் அளவுக்கு மோசமானது.

முதலில் ஒரு விஷயம். ஸ்பார்க் பிளக் பெட்ரோல், சி.என்.ஜி, எல்.பி.ஜி இன்ஜின்களுக்கு மட்டும்தான். டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. டீசல் இன்ஜினில் காற்றை அழுத்தும்போது உண்டாகும் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்ளும். அதில் இருப்பது, ஸ்டார்ட் செய்யும்போது சூடேற்றிக் கொடுக்கும் 'குளோ பிளக்'. அது வேறு, இது வேறு.

ஒரு பிளக், 4 கோடி பொறி!

பேட்டரியில் இருப்பது 12 வோல்ட். அதை இக்னிஷன் காயில் 20,000 வோல்ட்டுக்கும் மேலே ஏற்றி பிளக்குக்கு அனுப்பும். பிளக்கின் நடு முனைக்கும், வளைந்த பக்கவாட்டு முனைக்கும் நடுவில் இருக்கும் சின்ன இடைவெளியை அந்த மின்சாரம் தாண்டும்போதுதான் பொறி பறக்கிறது. சிலிண்டருக்குள் இருக்கும் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை பற்றிக்கொள்கிறது.

இது எத்தனை முறை நடக்கிறது? நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில், இரண்டு சுற்றுக்கு ஒரு முறையாவது ஒவ்வொரு பிளக்கும் பொறி விட வேண்டும். கார் 60 கி.மீ வேகத்தில், இன்ஜின் 2,000 ஆர்.பி.எம்-மில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 1,000 பொறி. அந்தக் கணக்கில் 40,000 கி.மீ ஓடினால், ஒரே பிளக் 4 கோடி முறை பொறி விட்டிருக்கும். ஒவ்வொரு பொறியும் முனையைக் கண்ணுக்குத் தெரியாத அளவு அரிக்கும். அதனால்தான் பிளக் தேய்கிறது, மாற்ற வேண்டியிருக்கிறது.

பொருத்தம் பார்க்க வேண்டிய 4 விஷயங்கள்

1. மரையின் அளவு: பிளக்கின் த்ரெட், அதாவது மரை, இத்தனை மில்லி மீட்டர் விட்டம் என்று கணக்கு இருக்கிறது. 14 மி.மீ பரவலாகப் புழங்குகிறது. புதிய இன்ஜின்கள் பலவற்றில் 12 மி.மீ வருகிறது. இது தப்பானால் பிளக் உள்ளேயே போகாது என்பதால் பெரும்பாலும் யாரும் ஏமாறுவதில்லை.

2. மரையின் நீளம்: ஏமாறுவது இங்கேதான். விட்டம் சரியாக இருந்து நீளம் மட்டும் மாறினால், பிளக் ஜோராக உட்கார்ந்துவிடும். ஆனால், தேவையைவிட நீளமான பிளக் சிலிண்டருக்குள் துருத்திக்கொண்டு நிற்கும். மேலே வரும் பிஸ்டனோ, வால்வோ அதில் மோதினால் இன்ஜின் காலி. குட்டையான பிளக்காக இருந்தால், மிச்சமிருக்கும் மரையில் கரி படியும். அடுத்த முறை சரியான பிளக் போடும்போது அது உள்ளே போகாமல் அடம்பிடிக்கும்.

3. ஹீட் ரேஞ்ச்: இதை 'அதிக ஹீட் என்றால் பலமான பொறி' என்று நினைப்பவர்கள் உண்டு. பொறிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சிலிண்டருக்குள் ஏறும் சூட்டை பிளக் எவ்வளவு சீக்கிரம் வெளியே கடத்துகிறது என்பதற்கான எண் இது. பிளக்கின் நுனி சுமார் 450 முதல் 850 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால், படியும் கரி தானாக எரிந்து போகாது. பிளக் கறுத்து, பொறி விடாமல் அடைத்துக்கொள்ளும். அதற்கு மேலே போனால், நுனி தணல் மாதிரி கனன்று, பொறி வருவதற்கு முன்பே எரிபொருளைப் பற்றவைத்துவிடும். பிஸ்டன் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே வெடிப்பு நடந்தால் என்ன ஆகும்? பிஸ்டன் உருகி ஓட்டை விழுவதெல்லாம் இப்படித்தான்.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. என்.ஜி.கே, டென்ஸோ பிளக்குகளில் எண் கூடக் கூட 'கோல்டு' பிளக். அதாவது சூட்டை வேகமாகக் கடத்துவது. பாஷ், சாம்பியன் பிளக்குகளில் நேர் எதிர். எண் கூடினால் 'ஹாட்' பிளக். அதுமட்டுமல்ல, என்.ஜி.கே-யில் 6 என்பது டென்ஸோவில் 20. ஆகவே, "நம்பர் ஒண்ணுதான் சார், கம்பெனிதான் வேற" என்று யாராவது சொன்னால் கொஞ்சம் உஷாராகுங்கள். கம்பெனி மாற்றும்போது இணையான எண் எது என்று அந்தந்த நிறுவனத்தின் அட்டவணையில் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

4. கேப்: இரண்டு முனைகளுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி. பல கார்களில் இது 0.7 முதல் 1.1 மி.மீ வரை. இடைவெளி அதிகமானால் காயில் அதிக வோல்ட்டேஜ் கொடுத்துத் திணறும். குறைவானால் பொறி சின்னதாகி, கலவை சரியாகப் பற்றாது. டர்போ இன்ஜின்களில் சிலிண்டருக்குள் அழுத்தம் அதிகம் என்பதால், பொதுவாக கேப் குறைவாகவே வைப்பார்கள்.

பிளக்கின் உடம்பிலேயே ஜாதகம்

இவற்றில் பலவற்றை பிளக்கின் மேல் இருக்கும் எழுத்துகளே சொல்லிவிடும். உதாரணத்துக்கு, என்.ஜி.கே-யின் 'பி.பி.ஆர்.6.இ.எஸ்-11' என்ற பிளக். முதல் 'பி' என்றால் 14 மி.மீ மரை. அடுத்த 'பி', நுனி கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வகை. 'ஆர்', உள்ளே ரெசிஸ்டர் இருக்கிறது. '6' ஹீட் ரேஞ்ச். 'இ' என்றால் மரையின் நீளம் 19 மி.மீ. 'எஸ்' சாதாரண முனை. கடைசி '11', கேப் 1.1 மி.மீ.

இதில் 'ஆர்' என்ற ஒற்றை எழுத்தை அலட்சியமாக விட்டுவிடக் கூடாது. ரெசிஸ்டர் இல்லாத பிளக், மின்காந்த இரைச்சலைக் கிளப்பும். பழைய கார்களில் ரேடியோ கரகரக்கும், அவ்வளவுதான். இன்றைய கார்களில் இ.சி.யு, சென்ஸார் எல்லாம் குழம்பிப் போகலாம்.

'பழைய பிளக்கைக் காட்டி அதே மாதிரி வாங்கிக்கலாமே' என்று தோன்றும். நீங்களே ஷோரூமில் புதிதாக எடுத்த கார், அதில் இருப்பது கம்பெனி போட்ட பிளக் என்றால் சரி. செகண்ட் ஹேண்ட் கார் என்றால் அது ஆபத்து. முந்தைய ஓனர் எதைப் போட்டு ஓட்டினாரோ, யாருக்குத் தெரியும்? சரியான நம்பர் ஓனர்ஸ் மேனுவலில் இருக்கிறது. அது தொலைந்திருந்தால், காரின் மாடல், வருடம், இன்ஜின் வகை மூன்றையும் சொல்லி சர்வீஸ் சென்டரில் கேட்கலாம். மாடல் பெயர் மட்டும் போதாது. ஒரே பெயரில் வேறு வேறு இன்ஜின்கள் வந்திருக்கும். எத்தனை பிளக் என்பதும் மாறும். மூன்று சிலிண்டர் என்றால் பெரும்பாலும் மூன்று; நான்கு என்றால் நான்கு. ஆனால், ஹோண்டா சிட்டியின் பழைய ஐ-டி.எஸ்.ஐ இன்ஜினில் நான்கு சிலிண்டருக்கு எட்டு பிளக்!

இப்போது சொல்லுங்கள்... சாதாவா, இரிடியமா?

நம்பர் பொருந்திவிட்டது என்றால், இப்போது கடைக்காரரின் கேள்விக்கு வரலாம்.

சாதா பிளக் என்பது நிக்கல் உலோகக் கலவை. பொதுவாக 20,000 முதல் 40,000 கி.மீ வரை தாங்கும். பிளாட்டினமும் இரிடியமும் சீக்கிரம் தேயாது. நிக்கல் சுமார் 1,455 டிகிரியில் உருகும். இரிடியம் உருக 2,400 டிகிரிக்கு மேல் வேண்டும். அதனால் இரிடியம் முனையை 0.4 மி.மீ அளவுக்கு மெல்லியதாகக்கூடச் செய்ய முடிகிறது. மெல்லிய முனையில் பொறி சுலபமாகக் கிளம்பும். இந்த வகைகளில் நல்லவை 1,00,000 கி.மீ வரைகூட உழைக்கும்.

ஆனால், எல்லா இரிடியமும் அப்படி அல்ல. நடு முனையில் மட்டும் இரிடியம் வைத்து, எதிர்முனையைச் சாதா நிக்கலாக விட்ட பிளக்குகளும் இருக்கின்றன. இவற்றில் எதிர்முனை சீக்கிரம் தேய்ந்துவிடும். 'இரிடியம்தானே, லட்சம் கி.மீ தாங்கும்' என்று இவற்றை விட்டுவைக்கக் கூடாது.

கம்பெனியே இரிடியம் பொருத்திக் கொடுத்த காரில் செலவு குறைக்க சாதா பிளக் போடாதீர்கள். சாதா பிளக் வந்த காரில், அதே ஹீட் ரேஞ்ச், அதே நீளத்தில் இரிடியம் போடுவது தவறில்லை. ஆனால், 'மைலேஜ் எகிறும், பிக்-அப் பறக்கும்' என்று எதிர்பார்க்க வேண்டாம். தேய்ந்த பிளக்கை மாற்றினால் விட்டுப்போன மைலேஜ் திரும்ப வரும். அது புது பிளக் வந்ததால் கிடைப்பது. இரிடியம் என்பதால் கிடைப்பது அல்ல.

சி.என்.ஜி கார்களுக்கு ஒரு வார்த்தை: பெட்ரோலைவிட சி.என்.ஜி-யைப் பற்றவைக்க அதிக வோல்ட்டேஜ் வேண்டும். பிளக் தேய்ந்திருந்தால், பெட்ரோலில் ஒழுங்காக ஓடும் கார் கேஸுக்கு மாறியதும் குலுங்க ஆரம்பிக்கும். அதனால் பிளக்கையும் கேப்பையும் அடிக்கடி பார்ப்பது நல்லது.

ஒத்திப்போட்டால் செலவு எங்கே போகும்?

காலையில் ஸ்டார்ட்டிங் ட்ரபிள், ஐடிலிங்கில் நடுக்கம், மேடு ஏறும்போது வெட்டி வெட்டி இழுப்பது, மைலேஜ் குறைவது... இவையெல்லாம் பிளக் சொல்லும் சேதி. பொறி சரியாக விழாவிட்டால் எரியாத பெட்ரோல் அப்படியே சைலன்ஸர் பக்கம் போகும். அங்கே இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் எரிந்து, அதைப் பாழாக்கும். சில நூறு ரூபாய் பிளக்கைத் தள்ளிப்போட்டதற்குப் பல ஆயிரம் ரூபாய் அபராதம் இது. டேஷ்போர்டில் செக் இன்ஜின் விளக்கு விட்டு விட்டு எரிந்தால், வண்டியை ஓரங்கட்டிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுவதே நல்லது.

ஆனால், எல்லாப் பழியையும் பிளக் மேல் போட முடியாது. ஸ்கேனரில் 'பி 0302' என்று வந்தால் இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர் என்று அர்த்தம். அந்தப் பிளக்கை மூன்றாவது சிலிண்டருக்கு மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கோடு 'பி 0303' என்று மாறினால் பிளக்தான் குற்றவாளி. மாறாவிட்டால் காயிலையோ, இன்ஜெக்டரையோ பார்க்க வேண்டும். முழு செட் மாற்றும் செலவு மிச்சம்.

கழற்றிய பிளக்கைத் தூக்கிப் போடுவதற்கு முன் அதன் நிறத்தைப் பாருங்கள். இளம்பழுப்பு அல்லது சாம்பல் நிறம் என்றால் இன்ஜின் ஆரோக்கியம். காய்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது, அல்லது பிளக் அளவுக்கு மீறி 'கோல்டு'. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் வழியாக ஆயில் கசிகிறது. வெள்ளையாகக் கொப்பளித்திருந்தால் அதீத சூடு. கரியோ, ஆயிலோ, கொப்பளமோ இருந்தால் புது பிளக் மட்டும் போட்டு வேலையை முடிக்கக் கூடாது. காரணத்தைக் கண்டுபிடிக்காவிட்டால் புதியதும் அதே கதிதான்.

மாட்டும்போது கவனம்

ஒரு காலத்தில் 'மைக்கோ பிளக்' என்று சொல்லாத மெக்கானிக் ஷெட் இருக்காது. 1951-ல் தொடங்கிய அந்த நிறுவனம்தான் 2008-ல் பாஷ் என்று பெயர் மாறியது. அந்தக் காலத்துப் பிளக்கை உப்புத்தாளில் தேய்த்து, கேப்பைத் தட்டிச் சரிசெய்து மறுபடியும் மாட்டுவார்கள். அதே பழக்கத்தில் இரிடியம், பிளாட்டினம் முனையை உரசினால் அதோடு பிளக் முடிந்தது.

- இன்ஜின் ஆறிய பிறகே கழற்ற வேண்டும். இன்றைய சிலிண்டர் ஹெட் அலுமினியம். சூட்டில் திருகினால் மரை உரிந்து, ஹெட்டையே கழற்றி லேத் பட்டறைக்கு அனுப்ப வேண்டி வரலாம்.
- பிளக் குழியில் இருக்கும் தூசியை முதலில் ஊதி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அது சிலிண்டருக்குள் விழும்.
- முதல் சில சுற்றுகளைக் கையாலேயே திருக வேண்டும். பிறகு மேனுவலில் சொன்ன டார்க் அளவுக்கு, டார்க் ரெஞ்ச்சில் இறுக்க வேண்டும்.
- கீழே விழுந்த புது பிளக்கை மாட்ட வேண்டாம். உள்ளே இருக்கும் செராமிக்கில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விட்டிருக்கலாம்.
- ஒன்றை மட்டும் மாற்றாமல், முழு செட்டாக மாற்றுவதே நல்லது.

போலிகளும் மார்க்கெட்டில் உண்டு. வழக்கத்தைவிட ரொம்பவும் மலிவான விலை, மங்கலான அச்சு, பிசிறடிக்கும் மரை, ஒரே செட்டில் ஆளுக்கொரு கேப்... இவை இருந்தால் வாங்காதீர்கள். அங்கீகாரம் பெற்ற கடையில் பில்லோடு வாங்குங்கள்.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். காரின் ஓனர்ஸ் மேனுவலில் ஸ்பார்க் பிளக் நம்பர், கேப், எத்தனை கிலோ மீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்ற மூன்றும் இருக்கும் பக்கத்தை போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை கடையில் "சாதாவா, இரிடியமா?" என்று கேட்டால், அந்த போட்டோவைக் காட்டி, "இந்த நம்பர் கொடுங்க" என்று சொன்னால் போதும். டூ-வீலர் வைத்திருப்பவர்களுக்கும் இதே யோசனைதான்.