மோதல் சோதனை மதிப்பெண் இல்லாமல் கார் விற்கக் கூடாது

நொறுங்கிய கார் காவல் நிலைய வாசலில் கிடக்கும். வீட்டில் ஒருவர் காலில் கட்டோடு படுத்திருப்பார். பெரிய விபத்திலிருந்து மீண்ட குடும்பம் அடுத்த காரைப் பற்றிப் பேசத் தொடங்கும்போது பெரும்பாலும் முதலில் வரும் வார்த்தை, 'இனிமே பெரிய வண்டியாத்தான் வாங்கணும்' என்பதுதான். அந்தப் பயத்தை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த முடிவில் பாதிதான் சரி. இரண்டு வண்டிகள் நேருக்கு நேர் மோதினால் எடை கூடிய வண்டியில் இருப்பவருக்கு அதிர்ச்சி குறையும் என்பது இயற்பியல். நின்றிருக்கும் லாரியின் பின்புறத்திலோ சாலையோரப் புளியமரத்திலோ மோதும்போது அந்த எடை காப்பாற்றுவதில்லை.

2016இல் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் விற்பனையாகும் 5 கார்களை மோதவிட்டுச் சோதித்தது. சிறிய கார்களான க்விட், செலெரியோ, இயான் மட்டுமல்ல, ஈகோ வேனும் ஏர்பேக் இல்லாத ஸ்கார்ப்பியோவும் வாங்கிய நட்சத்திரம் பூஜ்யம். உயரமும் கம்பீரமும் உள்ள ஸ்கார்ப்பியோவைப் பார்த்து 'இது இரும்பு' என்று நம்பியவர்கள் எத்தனை பேர்! அதைத் தயாரித்த நிறுவனமே புதிதாக வடிவமைத்த ஸ்கார்ப்பியோ-என் 2022இல் 5 நட்சத்திரம் பெற்றது. வண்டி பெரிதாக இருந்ததால் வந்த நட்சத்திரம் அல்ல அது. வடிவமைப்பு மாறியதால் வந்தது.

ஷோரூமில் கார் பார்க்க வருபவர் கதவுத் தகட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறார். பானெட்டைத் தட்டிச் சத்தம் கேட்கிறார். வெளித்தகடு எவ்வளவு கனம் என்பதில் உயிர் தங்கியிருக்கவில்லை. மோதும்போது முன்பகுதி நசுங்கி விசையை வாங்கிக்கொள்ள வேண்டும். ஆட்கள் உட்கார்ந்திருக்கும் கூடு மட்டும் உருக்குலையாமல் நிற்க வேண்டும். அந்தக் கூட்டைத் தாங்கும் தூண்களும் குறுக்குச் சட்டங்களும் தகட்டுக்கு உள்ளே மறைந்திருப்பவை. எந்த விரலுக்கும் அவை தட்டுப்படாது. கூடு உறுதியாக இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு 2014இல் சோதிக்கப்பட்ட போலோ சாட்சி. அதன் கூடு குலையவில்லை. ஆனாலும் ஏர்பேக் இல்லாத போலோவுக்குக் கிடைத்தது பூஜ்யம். இரண்டு ஏர்பேக் வைத்த போலோவுக்கு 4 நட்சத்திரம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே கார்.

கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத இந்த வித்தியாசத்தை வாங்குபவருக்குச் சொல்வதற்காகத்தான் 2023 அக்டோபர் 1 முதல் பாரத் என்கேப் என்னும் சோதனைத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் முன்புற மோதல், பக்கவாட்டு மோதல் என்று சோதித்து, பெரியவர்களின் பாதுகாப்புக்கு 32 மதிப்பெண்ணிலும் குழந்தைகளின் பாதுகாப்புக்கு 49 மதிப்பெண்ணிலும் தரம் போடுகிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் இது கட்டாயமில்லை. தன் காரைச் சோதனைக்கு அனுப்புவதும் அனுப்பாததும் தயாரிப்பாளரின் விருப்பம். சட்டம் கட்டாயமாக்கியுள்ள முன்புற மோதல் சோதனை மணிக்கு 56 கி.மீ. வேகத்தில் நடப்பது. அதில் தேறியதா இல்லையா என்பதுதான் முடிவு; எவ்வளவு நன்றாகத் தேறியது என்பது வாங்குபவருக்குத் தெரியாது.

பனி உறையாத வகைக் குளிர்சாதனப் பெட்டியை மின் சேமிப்பு நட்சத்திர வில்லை இல்லாமல் இந்த நாட்டில் 2010 முதல் விற்க முடியாது. மின் கட்டணத்தில் மிச்சமாகும் சில நூறு ரூபாய்க்காக அரசு காட்டிய அந்தக் கண்டிப்பு, குடும்பத்தோடு ஏறி உட்காரும் காருக்கு இல்லை. பாரத் என்கேப்பைக் கட்டாயமாக்க வேண்டும். ஒவ்வொரு காரின் முன்கண்ணாடியிலும், ஒவ்வொரு விளம்பரத்திலும், விலைப் பட்டியலிலும் அந்த நட்சத்திரம் அச்சாக வேண்டும். பெரியவர்களுக்கான நட்சத்திரமும் குழந்தைகளுக்கான நட்சத்திரமும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். அது கட்டாயமாகும் வரை, சோதிக்கப்படாத கார் என்றால் 'சோதிக்கப்படவில்லை' என்று அதே அளவு எழுத்தில் போட வேண்டும்.

விலை ஏறிவிடும் என்பது தயாரிப்பாளர்களின் வழக்கமான பதில். எல்லாக் கார்களுக்கும் 6 ஏர்பேக் என்று 2022இல் வந்த வரைவு விதி முதலில் ஓராண்டு தள்ளிப்போய், பிறகு கட்டாயமில்லை என்று கைவிடப்பட்டது. ஆனால் சந்தையில் நடந்தது வேறு. 2022 டிசம்பரில் குளோபல் என்கேப் சோதனையில் ஸ்விஃப்ட் ஒரே ஒரு நட்சத்திரம் பெற்றது. 2024 நவம்பரில் அதே நிறுவனத்தின் புதிய டிசையர் 5 நட்சத்திரம் பெற்றது. 4 மீட்டருக்குள் அடங்கும் கார், எல்லா வேரியன்ட்டிலும் 6 ஏர்பேக், அறிமுகமானபோது தொடக்க விலை 6.79 லட்சம் ரூபாய். மதிப்பெண் வெளியே தெரிகிறது, வாங்குபவர் அதைக் கேட்கிறார் என்றால் தயாரிப்பாளரால் முடிகிறது. அரசும் வரியால் இதைத் தூண்டலாம். கார்களுக்கான ஜிஎஸ்டி நீளத்தையும் எஞ்சின் கொள்ளளவையும் பார்த்து நிர்ணயிக்கப்படுகிறது; பாதுகாப்புக்கு அதில் இடமே இல்லை. அந்தக் கணக்கில் நட்சத்திரத்தையும் சேர்க்க வேண்டும்.

விபத்துக்குள்ளான குடும்பத்தின் கையில் இருக்கும் பணத்தையும் பார்க்க வேண்டும். பழுதுபார்ப்புச் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டி 'டோட்டல் லாஸ்'. அப்போது கிடைப்பது புதுக் காரின் விலை அல்ல. தேய்மானம் கழித்த மதிப்பு. நான்கு ஆண்டு தாண்டிய காருக்குத் தேய்மானம் மட்டும் 50 சதவீதம். ஆஸ்பத்திரிச் செலவும் சேர்ந்து நெருக்க, பலர் பழைய கார் பக்கம் திரும்புகிறார்கள். ஓட்டுநருக்கான ஏர்பேக்கே 2019 ஜூலையில்தான் கட்டாயமானது. அதற்கு முந்தைய பல அடிப்படை மாடல்களில் அதுவும் இருக்காது. பழைய கார் வாங்குபவர்கள் மைலேஜுக்கு முன்பாகக் கேட்க வேண்டியவை வேறு: எந்த ஆண்டு, எந்த வேரியன்ட், எத்தனை ஏர்பேக், முன்பு மோதி ஏர்பேக் வெடித்திருந்தால் புதிது மாட்டினார்களா.

நட்சத்திரத்துக்கும் எல்லை உண்டு. சோதனை நடப்பது 64 கி.மீ. வேகத்தில், 110இல் போகிற காரின் மோதல் ஆற்றல் அதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. பெல்ட் போடாதவருக்கோ 5 நட்சத்திரக் காரும் பாதுகாப்பில்லை. 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தது விலையுயர்ந்த மெர்சிடிஸ் காரில். முன்னால் இருந்த இருவரும் காயங்களோடு பிழைத்தார்கள். பின்சீட்டில் பெல்ட் போடாமல் இருந்த இருவரும் இறந்தார்கள். அந்த ஓர் ஆண்டில் பெல்ட் அணியாமல் நாட்டில் இறந்தவர்கள் 16,715 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம். அவர்களில் 8,331 பேர் பயணிகள். அதே ஆண்டு 64,105 விபத்துகளோடு எண்ணிக்கையில் முதலிடத்தில் இருந்தது தமிழ்நாடு.

நம் ஊர்க் கார்களின் பின்கதவைத் திறந்து பாருங்கள். புதிதாகத் தைத்துப் போட்ட சீட் கவருக்கு அடியில் பெல்ட் மாட்டும் கொக்கி புதைந்து கிடக்கும். முன்சீட்டில் அம்மா மடியில் குழந்தை நிற்கும். 50 கி.மீ. வேகத்தில் மோதினால் 10 கிலோ குழந்தை நூறு கிலோவுக்கு மேல் இழுக்கும். எந்தத் தாயின் கையாலும் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. குழந்தைக்கான தனி இருக்கையும் அதைப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கியும் அதற்காகத்தான்.

14 வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பெல்ட்டோ தனி இருக்கையோ இல்லாமல் ஏற்றினால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-பி பிரிவு சொல்கிறது. ஆனால் சாலைச் சோதனைகளில் ஓட்டுநரின் தோளைப் பார்த்ததும் வண்டியை விட்டுவிடுவதே வழக்கமாக இருக்கிறது. தமிழகப் போக்குவரத்துத் துறையும் காவல் துறையும் மத்திய அரசின் ஆணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. சுங்கச்சாவடிகளில் பின்சீட்டையும் பார்த்துச் சோதிக்கும் வேலையை இந்த மாதமே தொடங்கலாம். முதல் சில வாரங்கள் அபராதம் வேண்டாம். சீட் கவரை விலக்கி, கொக்கியை வெளியே எடுத்து, பெல்ட்டை மாட்டிவிட்டு அனுப்பட்டும்.