பக்கத்திலேயே இருக்கிறது காடு



மலையேற்றம் என்றாலே ஏற்காடு, கொல்லிமலை என்று கிளம்பிவிடுகிறோம். ஆனால் சென்னையில் எங்கள் கீழ்க்கட்டளைக்கு நன்மங்கலம் காப்புக்காடு கூப்பிடு தூரம்தான். பழைய கல்குவாரிப் பள்ளங்களில் தண்ணீர் தேங்கிக் கிடக்கும். பாறை இடுக்கில் கொம்பன் ஆந்தை அசையாமல் உட்கார்ந்திருக்கும். இந்தப் பக்கம் பல்லாவரம். 1863-இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்த மண். இந்தியாவின் தொல்பழங்கால ஆய்வே அந்தக் கல்லிலிருந்துதான் தொடங்குகிறது. எங்கள் தெருப் பிள்ளைகள் பலருக்கு இது தெரியாது.

எங்கள் ஊர் ஏரிக்கரை, காட்டோரம், பல்லாவரம், திரிசூலநாதர் கோயில் என்று பெரியவர்களும் நடக்கும்படி ஒரு பாதையை வனத்துறையும் தொல்லியல் துறையும் சேர்ந்து வகுக்க வேண்டும். ஞாயிறு காலையில் வழிகாட்டியோடு அழைத்துச் சென்றால் போதும். காட்டுக்குள் சிமென்ட் தளம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

– ஒரு வாசகர், கீழ்க்கட்டளை