பார்த்துச் சொல்வதற்கும் கூலி உண்டு

கிங்ஸ் சர்க்கிள் பூங்காவை ஒட்டிய நடைபாதையில் பழைய புத்தகம் வாங்குகிறவர்களைக் கவனித்தால் ஒன்று தெரியும். ஐம்பது ரூபாய் புத்தகமாகத்தான் இருக்கும். ஆனாலும் முதல் பக்கத்தில் இருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டுகிறார்கள். நடுவில் தாள் போயிருக்கிறதா, மழையில் நனைந்து காய்ந்ததா என்று பார்க்கிறார்கள். அதன் பிறகுதான் பேரம்.

அதே மனிதர் நாலு லட்சம் ரூபாய்க்குப் பழைய ஜீப் ரக வண்டி வாங்க வந்தால் என்ன செய்கிறார்? அதே பூங்காவை வண்டியில் ஒரு தடவை சுற்றுகிறார். ஏ.சி. குளிர்கிறது, பாட்டு கேட்கிறது, பெயிண்ட் பளபளக்கிறது. முன்பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, சக்கரத்துக்கு வைக்க எலுமிச்சம்பழம் வாங்கப் போய்விடுகிறார்.

தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

கொடைக்குப் போக ஒரு வண்டி

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதித் தமிழர்கள் இந்த எஸ்.யூ.வி. வண்டிகளை ஆடம்பரத்துக்காக வாங்குவது இல்லை. கோடை விடுமுறையில் எட்டுப் பேருக்கு ரெயில் டிக்கெட் எடுப்பது எளிதல்ல. 60 நாட்களுக்கு முன்னால் முன்பதிவு தொடங்கும் அன்றைக்கே காத்திருப்போர் பட்டியல் வந்து விடுகிறது. அம்மன் கொடைக்கு ஊர் போய்ச் சேராமல் இருக்கவும் முடியாது. அதனால் அண்ணன் தம்பிகள் சேர்ந்து, சீட்டு எடுத்து, நகையை அடகு வைத்து ஒரு பழைய வண்டி வாங்குகிறார்கள். மும்பையில் இருந்து திருநெல்வேலிக்கு 1,500 கிலோ மீட்டருக்கு மேல். அவ்வளவு தூரமும் அந்த நாலு சக்கரத்தை நம்பித்தான் குடும்பமே போகிறது.

தாராவியில் ஒரு அண்ணன், தம்பிக்கு நேர்ந்ததைச் சொன்னால் போதும். பத்து வயதான வண்டி. ஊருக்குள் ஓடிய வரை ஒரு குறையும் இல்லை. நெடுஞ்சாலையில் மணிக்கு 80 கிலோ மீட்டரைத் தொட்டதும் ஸ்டீயரிங் கையில் நிற்காமல் நடுங்கியது.

முதல் பட்டறையில் "ஷாக் அப்சர்பர் போச்சு" என்றார்கள். நாலும் மாற்றப்பட்டன. இரண்டாவது பட்டறையில் புஷ், பால் ஜாயிண்ட் எல்லாம் மாற்றி, அலைன்மெண்டும் பார்த்தார்கள். மூன்றாவது இடத்தில் என்ஜின் மவுண்டிங் மாற்றினார்கள். செலவு நாற்பதாயிரம் ரூபாயைத் தாண்டியது. நடுக்கம் மாத்திரம் போகவில்லை. "யார் சொல்லி இந்த வண்டியை வாங்கினாய்?" என்று அண்ணன் கேட்க, "என் வீட்டுக்காரி வளையலை மீட்டுக் கொடு" என்று தம்பி சொல்ல, ஒரே சமையலில் இருந்த குடும்பத்தில் பேச்சு வார்த்தை நின்று போனது.

பெரியவர் கேட்ட கேள்வி

கடைசியில், பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரிடம் வண்டி வந்தது. அவர் ஸ்பானரை எடுக்கவில்லை. "நடுக்கம் ஸ்டீயரிங்கிலா, சீட்டிலா? எந்த வேகத்தில் வருகிறது? பிரேக் போட்டால் கூடுகிறதா?" என்று கேட்டார். இந்தக் கேள்விகளை அதுவரை எந்தப் பட்டறையிலும் யாரும் கேட்டதில்லை.

பிறகு முன் சக்கரங்களைக் கழற்றிப் பின்னாலும், பின் சக்கரங்களை முன்னாலும் மாட்டச் சொன்னார். மறுபடி ஓட்டிப் பார்த்தபோது ஸ்டீயரிங் அமைதியாக இருந்தது, சீட் நடுங்கியது. சக்கரம் போன இடத்துக்கு நடுக்கமும் போய்விட்டது. பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுற்றினார். ஒரு டயர் ஓர் இடத்தில் மட்டும் மேடு தட்டி வந்தது. உள்ளே பட்டை பிரிந்து போயிருந்தது. வேகமாகப் போகும்போது வெடித்திருந்தால் வண்டியே கவிழ்ந்திருக்கும். எட்டு வருடத்து டயர். புதிதாக இரண்டு டயர் மாட்டிப் பேலன்சிங் செய்ததும் நடுக்கம் தீர்ந்தது.

பெரியவர் 500 ரூபாய் கேட்டார். "ஒரு பார்ட்டும் மாற்றவில்லை, பார்த்ததற்கே ஐந்நூறா?" என்றார் அண்ணன்.

நாற்பதாயிரம் போனதை விட, இந்தக் கேள்விதான் நம்மவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம்.

மூன்று வகை ஆட்டம்

வண்டியில் "ஆட்டம்" என்று பொதுவாகச் சொல்வதில் மூன்று வகை உண்டு.

எண்ண முடிகிற ஆட்டம் முதல் வகை. பள்ளத்தில் இறங்கி ஏறியதும் வண்டி படகு போல வினாடிக்கு ஒன்றிரண்டு தடவை மேலும் கீழும் போகும். இது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சர்பரும் சேர்ந்த காரியம். ஸ்பிரிங் பாரத்தைத் தாங்குகிறது. ஷாக் அப்சர்பர் அந்தத் துள்ளலை அடக்குகிறது. உள்ளே எண்ணெய் கசிந்து போனால் துள்ளல் அடங்காது. கசிவின் கறை, டயரில் மேடு பள்ளமாகத் தேய்மானம் ஆகியவை இதற்கு அடையாளம். மூலையில் அழுத்தி விட்டுப் பார்ப்பது பழைய வழக்கம். ஆனால் கனமான வண்டியில் அது மட்டும் போதாது.

எண்ண முடியாத நடுக்கம் இரண்டாவது வகை. 80 கிலோ மீட்டர் வேகத்தில் இந்த வண்டிகளின் சக்கரம் வினாடிக்குச் சுமார் பத்துச் சுற்று சுற்றுகிறது. சலவை எந்திரத்தில் துணி ஒரு பக்கம் சேர்ந்து விட்டால் எந்திரமே குதிக்கிறது அல்லவா? சக்கரத்தில் ஒரு பக்கம் எடை கூடினாலும் அதே கதைதான். வேகம் இரண்டு மடங்கானால் அந்த இழுப்பு நாலு மடங்கு ஆகிறது. அதனால்தான் 30 கிலோ மீட்டரில் தெரியாத குறை 80-ல் கையை உதறுகிறது. பேலன்சிங் எடை விழுந்து போனாலும், ரிம்மின் உட்புறத்தில் மழைக்காலச் சேறு காய்ந்து ஒட்டியிருந்தாலும் இந்த நடுக்கம் வரும். சேற்றுக்கு மருந்து ஒரு வாளித் தண்ணீர்.

காதில் கேட்கும் ரீங்காரம் மூன்றாவது வகை. பின் சக்கரத்துக்குச் சக்தி கொண்டு போகும் புரொப்பல்லர் ஷாப்ட், சக்கரத்தை விட மூன்று, நான்கு மடங்கு வேகமாகச் சுற்றுகிறது. அதில் கோளாறு என்றால் தரை அதிரும், காது இரையும். வண்டி நகரும்போதும் கியர் மாற்றும்போதும் 'டக்' என்று தட்டினால் அதன் ஜாயிண்ட் கிராசைப் பார்க்க வேண்டும். வளைவில் திரும்பும்போது இரைச்சல் கூடிக் குறைந்தால் வீல் பேரிங் மீது சந்தேகப்படலாம்.

பேரிங் விஷயத்தில் மும்பைக்காரர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். 2005-ம் ஆண்டு ஜூலை 26-ந் தேதி சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லி மீட்டர் மழை கொட்டியதை யாரும் மறக்கவில்லை. அவ்வளவு பெரிய வெள்ளம் வேண்டாம். கனமழை என்றாலே காந்தி மார்க்கெட்டிலும் கிங்ஸ் சர்க்கிளிலும் தேங்குகிற தண்ணீர் போதும். சக்கரம் மூழ்க நின்ற வண்டியில் பேரிங்குக்குள் தண்ணீர் புகுந்து கிரீசைக் கெடுத்திருக்கலாம். வெளியே கழுவித் துடைத்துப் பாலிஷ் போட்டாலும் உள்ளே போனது போனதுதான்.

பிரேக் போடும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க் அல்லது டிரம். வண்டி நிற்கும்போதே என்ஜினை முடுக்கினால் அதிர்கிறது என்றால் என்ஜின் அல்லது மவுண்டிங். வண்டி ஒரு பக்கமாக இழுத்தால் அலைன்மெண்டைப் பார்க்கலாம். அலைன்மெண்ட் என்பது சக்கரத்தின் திசை. பேலன்சிங் என்பது சக்கரத்தின் எடை. இரண்டையும் ஒன்று என்று நினைத்து, ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைச் செய்து வருகிறவர்கள் ஏராளம்.

ரெயிலில் எப்படிப் பார்க்கிறார்கள்?

ரெயிலிலும் ஸ்பிரிங் உண்டு, ஷாக் அப்சர்பர் உண்டு. பெரம்பூர் ஐ.சி.எப். தொழிற்சாலையில் 1955-ம் ஆண்டு முதல் செய்த பழைய ரகப் பெட்டிகளில், சுருள் ஸ்பிரிங்குக்குத் துணையாக எண்ணெய் நிரப்பிய டேஷ்பாட் வைத்தார்கள்.

ஒரு பெட்டி அதிகம் ஆடுகிறது என்று புகார் வந்தால் ரெயில்வேயில் உடனே ஸ்பிரிங்கைக் கழற்றுவது இல்லை. ஆட்டம் பெட்டியிலா, தண்டவாளத்திலா என்று முதலில் பார்க்கிறார்கள். ஓடும் ரெயிலில் அதிர்வைப் பதிவு செய்யும் கருவியை வைத்து, எந்தக் கிலோ மீட்டரில் எவ்வளவு ஆட்டம் என்று அளக்கிறார்கள். எந்தப் பெட்டி போனாலும் அதே இடத்தில் ஆடினால் குற்றம் தண்டவாளத்தில். ஒரே பெட்டி எல்லா இடத்திலும் ஆடினால் குற்றம் பெட்டியில். சுத்தியலால் சக்கரத்தைத் தட்டி ஓசை கேட்டுப் பரிசோதித்த ஊழியருக்கும் தட்டிப் பார்த்ததற்குத்தான் சம்பளம். எத்தனை சக்கரம் மாற்றினார் என்று யாரும் அவரைக் கேட்டதில்லை.

குற்றம் யார் மீது?

"பட்டறைக்காரர்கள் ஏமாற்றுகிறார்கள்" என்பது எல்லோரும் சொல்கிற புகார். அப்படிச் சிலர் இருக்கலாம். ஆனால் பாதிக் குற்றம் வண்டிக்காரர் மீது இருக்கிறது.

வண்டியை நிறுத்திய உடனே "என்ன பார்ட் போச்சு, எவ்வளவு ஆகும்?" என்று கேட்கிறோம். இரண்டு மணி நேரம் படுத்துப் பார்த்து, ஒரு நட்டு தளர்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்து முறுக்கிக் கொடுக்கிற மெக்கானிக்குக்கு என்ன கொடுக்கிறோம்? டீக்காசு. அதே நேரத்தில் நாலு ஷாக் அப்சர்பர் மாற்றுகிறவருக்குக் கூலியும் கிடைக்கிறது, பார்ட் கடையில் கமிஷனும் கிடைக்கிறது. நிலைமை இப்படி என்றால் எந்த மெக்கானிக் மெனக்கெட்டுக் காரணத்தைத் தேடுவார்? அவருக்கும் வாடகை உண்டு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் உண்டு.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. பழைய வண்டியில் எல்லாமே தேய்ந்துதான் இருக்கும். கழற்றிய எந்தப் பாகத்தைக் காட்டினாலும் "பார், தேய்ந்திருக்கிறது" என்று சொல்ல முடியும். அது பொய்யும் அல்ல. ஆனால் தேய்ந்தது எல்லாம் அந்த நடுக்கத்துக்குக் காரணம் ஆகிவிடாது. காரணத்தைக் கண்டுபிடிக்கத் தனி உழைப்பு வேண்டும். அந்த உழைப்புக்குத் தனிக் கூலி வேண்டும்.

டாக்டரிடம் போனால் மருந்து எழுதாவிட்டாலும் பீஸ் கொடுக்கிறோம். மெக்கானிக்கிடம் மட்டும் ஏன் இந்தக் கணக்கு மாறுகிறது?

என்ன செய்யலாம்?

வண்டி வாங்குவதற்கு முன்பு கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றினால் பயன் இல்லை. அங்கே உள்ள நெரிசலில் 30 கிலோ மீட்டரைத் தாண்ட முடியாது. விடியற்காலையில் கிழக்கு விரைவு நெடுஞ்சாலைக்குக் கொண்டு போய், வேக வரம்புக்குள் கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டும். கரடு முரடான ரோட்டிலும் ஓட்ட வேண்டும். பாட்டை நிறுத்தி, ஏ.சி.யை நிறுத்தி, காதைத் தீட்டிக் கொண்டு உட்கார வேண்டும்.

டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்த டயர். இதைப் படிக்கக் கண்ணாடி போதும், மெக்கானிக் வேண்டாம். எங்காவது புடைத்திருந்தால் அந்த டயரோடு ஒரு கிலோ மீட்டர் கூடப் போகக் கூடாது.

வாங்கிய பிறகு ஆட்டம் வந்தால் ஒரு தாளில் எழுதி வையுங்கள்: எந்த வேகம், எந்த ரோடு, பிரேக்கிலா, வளைவிலா, ஸ்டீயரிங்கிலா, சீட்டிலா. செலவு இல்லாததில் இருந்து தொடங்குங்கள். முதலில் காற்று அழுத்தம், ரிம் சேறு, வீல் நட்டு. அடுத்து சக்கரத்தை இடம் மாற்றுதல். பிறகு பேலன்சிங். ஷாக் அப்சர்பருக்கும் புஷ்சுக்கும் அதன் பிறகுதான் முறை. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்து ஓட்டிப் பாருங்கள். நாலையும் ஒன்றாக மாற்றினால் எது குணப்படுத்தியது என்று கடவுளுக்குத்தான் தெரியும். சக்கரத்தைக் கழற்றி மாட்டியவுடன் புதிதாக நடுக்கம் வந்தால் அங்கேயே நிறுத்தி நட்டுகளைப் பார்க்க வேண்டும்.

நம்மவர்களில் டிரைவர்கள் உண்டு, மெக்கானிக்குகள் உண்டு, டெப்போவிலும் ஒர்க் ஷாப்பிலும் முப்பது வருடம் உழைத்து ஓய்வு பெற்றவர்கள் உண்டு. விடுமுறைக் காலத்துக்கு முன்பு ஊர்ச் சங்கங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களைக் கூட்டி, ஊர் போகும் வண்டிகளைப் பார்க்க ஏற்பாடு செய்யலாம். ஆனால் இலவசமாக அல்ல. வண்டிக்கு இவ்வளவு என்று பேசி, கையில் கொடுக்க வேண்டும்.

தாராவி அண்ணன் கடைசியில் அந்த 500 ரூபாயைக் கொடுத்தார், முணுமுணுத்துக் கொண்டேதான். முதல் நாளே அதைக் கொடுத்திருந்தால் தம்பி மனைவியின் வளையல் இன்று அடகுக் கடையில் இருந்திருக்காது.